இசைத்தட்டைக் கழுவுவதும் அலசுவதும்

பழைய இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு, தட்டைக் கழுவியதோடு நிறுத்திக்கொண்டதுதான். இதற்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தைத் தட்டின்மேல் தெளிப்பேன். மென்மையான துணியால் வட்டமாகத் துடைப்பேன். நிமிர்த்தி வைத்துக் காயவிடுவேன். காய்ந்த தட்டு கண்ணாடிபோல் மின்னும். வேலை முடிந்தது என்ற நிறைவோடு உறையில் இட்டுவிடுவேன். ஆனால் அதை ஒலிக்கவிட்டபோது, பழைய சடசடப்பு ஓரளவு அடங்கியிருந்தாலும், முன்பு இல்லாத ஒரு மெல்லிய சீரான இரைச்சல் இசைக்குப் பின்னால் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தேன். வைர முனையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், பசையில் தோய்த்த பஞ்சுபோல், ஓர் உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அது வெறும் தூசி அன்று. நான் தெளித்த திரவம் பள்ளங்களிலிருந்த அழுக்கைக் கரைத்திருக்கிறது. கரைந்த அழுக்கும் திரவத்தின் சோப்புப் பொருளும் சேர்ந்து மீண்டும் அதே பள்ளங்களில் உலர்ந்து படிந்திருக்கின்றன. அழுக்கை நான் வெளியே எடுக்கவில்லை. தட்டு முழுவதும் பரப்பி, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். மறுவாரம் அதே தட்டை வெறும் வாலைவடிநீரால் (டிஸ்டில்டு வாட்டர்) இரண்டு முறை அலசி, ஒவ்வொரு முறையும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு ஒலிக்கவிட்டேன். இரைச்சல் பெருமளவு போய்விட்டிருந்தது. அன்றுமுதல் எந்த முறையைப் பற்றிப் படித்தாலும், எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாலும், நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: பள்ளத்துக்குள் நாம் விட்டது அத்தனையும் வெளியே வந்துவிட்டதா?

இந்தக் கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பது பள்ளத்தின் அளவைப் பார்த்தால் விளங்கும். ஸ்டீரியோ எல்.பி. தட்டின் (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டின்) பள்ளம் ஆங்கில எழுத்தான 'வி' வடிவில், 90 டிகிரியில் சந்திக்கும் இரண்டு சுவர்களைக் கொண்டது. மேல்வாய் அகலம் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன்தான். இருபது நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில், தட்டு 667 முறை சுழல்கிறது. அந்தப் பள்ளத்தை நீட்டிப் போட முடியுமானால் அது 400 மீட்டருக்கு மேல் நீளும். அத்தனை தூரத்தையும் ஓர் ஊசிமுனை உரசிக்கொண்டே கடக்கிறது. நீள்வட்ட வடிவ ஊசியின் பக்கவாட்டு ஆரம் பெரும்பாலும் 8 மைக்ரான் அளவில் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை. இரு சுவர்களிலும் ஒவ்வொரு சிறு புள்ளியில் மட்டுமே தொடுகிறது. ஊசியின்மேல் நாம் வைக்கும் எடை 2 கிராம்தான் என்றாலும், அந்த எடை முழுவதும் அவ்வளவு சிறிய புள்ளிகளில் இறங்குவதால், அங்கே உண்டாகும் அழுத்தம் மிகப் பெரியது. அந்த அழுத்தத்தில் ஒரு மணல் துகள் சிக்கினால், ஊசி அதைத் தள்ளிவிட்டுப் போகலாம். அல்லது சுவருக்குள்ளேயே பதித்துவிட்டும் போகலாம். பதிந்துவிட்டால், பின்னால் துகளை அகற்றினாலும் அது விட்ட குழி அங்கேயே இருக்கும். ஆகவேதான், பிறரிடமிருந்து வந்த தட்டை 'எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுக் கழுவலாம்' என்று நினைப்பதை நான் விட்டுவிட்டேன். கழுவிய பிறகுதான் முதல் முறை ஊசி இறங்க வேண்டும்.

பள்ளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது; லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே இசை பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். அதே அளவுள்ள ஓர் அழுக்குத் துணுக்கு உட்புறத்தில் செய்யும் கேடு, வெளிப்புறத்தில் செய்வதைவிட அதிகம். ஆனால் லேபிள் நனைந்துவிடுமோ என்ற அச்சத்தில் பெரும்பாலோர் வெளிப்பகுதியை அழுத்தித் தேய்த்துவிட்டு, உட்பகுதியை மேலோட்டமாகத் தடவிவிட்டு விடுகிறார்கள். லேபிளை மூடும் ரப்பர் விளிம்புள்ள காப்புத் தட்டு ஒன்றை வாங்கிக்கொள்வது இதற்காகத்தான். அது இருந்தால் கை தயங்காமல் கடைசிப் பள்ளம் வரை போகும்.

ஈரம் படாமல் செய்யும் அன்றாடத் துப்புரவை முதலில் சொல்லிவிடுகிறேன். வினைல் என்று நாம் சொல்லும் பி.வி.சி., உரசலில் மின்னூட்டம் ஏறுவதில் முன்னணியில் நிற்கும் பொருள்களில் ஒன்று. காகித உறையிலிருந்து தட்டை உருவும்போதே அதில் நிலைமின் ஏறிவிடுகிறது; காற்று வறண்டிருந்தால் இன்னும் அதிகம். மின்னூட்டம் ஏறிய தட்டு அறையிலுள்ள தூசியையெல்லாம் தன்பால் இழுத்துக்கொள்ளும். தட்டைத் தூக்கும்போது அதற்கு அடியில் சுழல்தட்டின்மேல் கிடக்கும் கம்பளி விரிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு எழுந்தால், காரணம் இதுதான். கார்பன் நார்த் தூரிகை மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், தூசியை அகற்றும்போதே மின்னூட்டத்தையும் கை வழியாக ஓரளவு இறக்கிவிடுகிறது. தட்டைச் சுழலவிட்டு, நார்களின் நுனி மட்டும் படும்படி இரண்டு மூன்று சுற்று வைத்திருந்து, பிறகு தூரிகையை மெல்லச் சாய்த்தபடியே வெளிவிளிம்பை நோக்கி நகர்த்தி எடுத்துவிட வேண்டும். அழுத்தினால் தூசி பள்ளத்தின் ஆழத்துக்குப் போகும். அப்படியே செங்குத்தாகத் தூக்கினால் சேர்ந்த தூசி ஒரு கோடாகத் தட்டிலேயே தங்கிவிடும். நார்களை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை நாரில் ஏறி, அங்கிருந்து தட்டுக்கு வந்துசேரும்.

உலர்ந்த தூரிகையால் முடிவது அவ்வளவே. விரல் ரேகை, புகைப்படிவு, பூஞ்சணம், யாரோ எப்போதோ தடவிய ஏதோ ஓர் எண்ணெய் ஆகியவை நீர் இல்லாமல் போகா. அச்சிலிருந்து புதிதாக வந்த தட்டில்கூடக் காகித உறையின் தூள் இருக்கும். புதிய தட்டையும் ஒருமுறை கழுவியே வைக்கிறேன்.

கழுவும் கரைசலைப் பற்றி ஆளுக்கொரு செய்முறை வைத்திருக்கிறார்கள். அடிப்படை எளிது. முதலாவது, டிஸ்டில்டு வாட்டர் என்று நாம் கேட்டு வாங்கும் வாலைவடிநீர். குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகள், நீர் ஆவியான பின் அப்படியே பள்ளத்தில் படிந்துவிடும். பாத்திரத்தில் காய்ந்த நீர்த்துளி விட்டுச்செல்லும் வெள்ளைத் தடம் ஊசியின் அளவுக்கு ஒரு கற்குவியல். இரண்டாவது, வெட்டிங் ஏஜென்ட், அதாவது நீரை உருளவிடாமல் பரவி நனைக்கச் செய்யும் பொருள். வெறும் நீர் வினைலின்மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். பள்ளத்தின் வாயை ஒரு பாலம்போல் மூடிக்கொண்டு, உள்ளே இறங்காமல் நின்றுவிடும். புகைப்படச் சுருளைக் கழுவும்போது நீர்த்தடம் விழாமலிருக்கச் சேர்க்கிறார்களே, அந்த வகைத் திரவத்தில் சில துளிகள் ஒரு லிட்டர் நீருக்குப் போதும். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் ஒலிப்பதிவுச் சேமிப்பைக் கழுவப் பரிந்துரைத்த கரைசலும், டெர்ஜிட்டால் என்ற, இதே வேலையைச் செய்யும் பொருளை மிகச் சிறிய அளவில் நீரில் கலந்ததுதான். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், அதிலுள்ள நிறமும் மணமும் கைக்கு மென்மை தரும் பொருள்களும் அலசினாலும் எளிதில் விட்டுப்போகாதவை என்பதுதான்.

மூன்றாவது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். எண்ணெய்ப் பசையைக் கரைக்கவும் விரைவில் உலரவும் இது உதவும். நான் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை. பசை இல்லாத தட்டுக்கு அதுவும் இல்லை. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், சன்னலைத் திறந்து வைத்து, அருகில் சுடர் எதுவும் இல்லாத இடத்தில் கலக்க வேண்டும்.

ஆனால் ஆல்கஹாலைத் தொடுவதற்கு முன் கையிலிருப்பது எந்தத் தட்டு என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எல்.பி. 1948-லும் 45 சுற்றுத் தட்டு 1949-லும் சந்தைக்கு வந்தன. அதற்கு முன்பும், அதன்பின் சில ஆண்டுகளும் வெளிவந்த 78 சுற்றுத் தட்டுகளில் மிகப் பெரும்பான்மை அரக்கால் ஆனவை. மரச்சாமானுக்கு மெருகூட்டுபவர்கள் அரக்கை ஆல்கஹாலில்தான் கரைக்கிறார்கள். அதே ஆல்கஹாலை அரக்குத் தட்டில் தடவினால் இசை எழுதப்பட்ட மேற்பரப்பே கரையும். ஒருமுறை கரைந்ததை மீட்க வழியில்லை. எடை கூடியிருத்தல், தட்டினால் ஓட்டுச்சில்லுபோல் 'டங்' என்று ஒலித்தல், வளையாமை ஆகியவை அரக்கின் அடையாளங்கள். 78 சுற்றுத் தட்டுகளில் வினைலில் வந்தவையும் உண்டு என்றாலும், ஐயம் இருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்வது நல்லது. அரக்குத் தட்டுக்கு வாலைவடிநீரும் ஓரிரு துளி வெட்டிங் ஏஜென்டும் போதும். அதிலுள்ள கலப்புப் பொருள்கள் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை என்பதால், ஊறவிடாமல் விரைவாகக் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும். விரிசல் உள்ள தட்டின் விரிசலுக்குள் நீர் போகவிடக் கூடாது. அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சிட்டு, ஒரே ஒரு பிரதியாக நேரடியாக வெட்டிய லாக்கர் தட்டு யாரிடமாவது இருந்தால், அதை வீட்டில் கழுவ முயல வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அந்தப் பூச்சு காலப்போக்கில் சுருங்கி உரியும் இயல்புடையது. கைதேர்ந்த ஆவணக் காப்பாளர் ஒருவர்தான் அதைத் தொட வேண்டும்.

இனிக் கழுவும் முறை. இசை கேட்கும் கருவியின் சுழல்தட்டின்மேலேயே வைத்துக் கழுவுவதை நான் ஏற்பதில்லை. கையின் அழுத்தம் அச்சுத்தண்டின் தாங்கியில் இறங்கும். நீர் மோட்டாருக்குள் இறங்கும். பழுதான ஒரு பழைய கருவியின் சுழல்தட்டைக் கழற்றி, அதற்கென்றே வைத்திருக்கிறேன். அது இல்லாதவர்கள் தடித்த, தூள் உதிராத விரிப்பின்மேல் வைத்துச் செய்யலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் விரிப்பின் புதிய பகுதியைப் பயன்படுத்தினால், கழுவிய பக்கம் மீண்டும் அழுக்காகாது. முதலில் உலர்ந்த தூரிகையால் தளர்ந்த தூசியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நீர் பட்டவுடன் அது சேறாகிவிடும். பிறகு கரைசலைப் பள்ளங்கள் முழுதும் நனையும்படி பரப்பி, மிக நுண்ணிய மயிருள்ள தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்ப்பது பள்ளத்தின் சுவர்களை உரசுவதாகும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, இரண்டு நிமிடம் ஒரு திசையிலும் பின்னர் எதிர்த்திசையிலும் தேய்ப்பது என் வழக்கம். திசையை மாற்றினால், ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருந்த அழுக்கும் பெயர்கிறது. தேய்த்த நீரின் நிறம் இரண்டாம் சுற்றில் மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இப்போது அழுக்கு நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அது உலர்வதற்குள் வெளியேற்ற வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடி இந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. உறிஞ்சும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது: தட்டு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் திரவம் அழுக்கோடு இழுக்கப்பட்டுவிடும். கையால் செய்பவர்கள் தூய மைக்ரோஃபைபர் துணியை மடித்து, முதலில் தேய்க்காமல் மேலே படியவைத்து ஒற்றி எடுக்க வேண்டும்; துணியின் இழைகள் பள்ளத்திலிருந்து நீரைத் தாமாகவே உறிஞ்சும். அதன்பிறகே, துணியின் வேறொரு மடிப்பால் பள்ளத்தின் போக்கில் மெல்லத் துடைக்க வேண்டும்.

இத்துடன் பாதி வேலைதான் முடிந்தது. அடுத்தது அலசல்: வேறு தூரிகை, வேறு துணி, எதுவும் கலக்காத வாலைவடிநீர். கரைசலைத் தொட்ட தூரிகையாலேயே அலசினால், அதன் மயிர்க்கால்களில் தங்கிய சோப்பு மீண்டும் தட்டுக்குத்தான் வரும். நீரைத் தாராளமாக விட்டு, தூரிகையால் நான்கைந்து சுற்றுச் சுற்றி, மறுபடி ஒற்றி எடுக்க வேண்டும். அலசும் நீரில் தூரிகையின் ஓரத்தில் சிறு குமிழிகள் கட்டினால், சோப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். மீண்டும் ஒருமுறை அலச வேண்டும். இரண்டாம் அலசலில் நீர் முன்போல் பரவாமல் உருண்டு நிற்கத் தொடங்கும். கழுவும்போது எது தடையாக இருந்ததோ அதுவே இங்கே நல்ல அடையாளம்: வெட்டிங் ஏஜென்ட் போய்விட்டது. விளக்கின் கீழே தட்டைச் சாய்த்துப் பார்த்தால், எச்சம் உள்ள இடத்தில் எண்ணெய்ப் படலம் போன்ற ஒரு மங்கல் தெரியும். தூய வினைலில் ஒளி கூரான கோடாக நகரும். எல்லாவற்றுக்கும் மேலான சோதனை, நான் முன்பே சொன்னதுதான். கழுவிய தட்டின் முதல் பக்கம் ஓடி முடிந்ததும் ஊசிமுனையை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். ஓரிரு நூலிழைகள் இருந்தால் கவலையில்லை. சாம்பல் நிறப் பசை இருந்தால் மறுபடி அலச வேண்டும். மறுபடி கழுவத் தேவையில்லை.

அலசிய தட்டைத் தூசி படாத இடத்தில், விளிம்பு மட்டும் தாங்கும்படி நிமிர்த்தி வைத்து, குறைந்தது அரை மணி நேரம் உலரவிட வேண்டும். வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் கூடாது. 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே வினைல் இளகி வளையத் தொடங்கிவிடும். முழுதும் உலர்ந்த பிறகு புதிய உள்ளுறையில்தான் இட வேண்டும். பழைய உறையிலேயே இடுவது, குளித்துவிட்டுப் பழைய அழுக்குத் துணியையே உடுத்துவதற்கு ஒப்பாகும்.

அல்ட்ராசோனிக் தொட்டியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வால் நீரில் எண்ணற்ற நுண்குமிழிகள் உருவாகி உடைகின்றன. அவை உடையும் விசை, எந்தத் தூரிகை மயிரும் எட்டாத பள்ளத்தின் அடிவரை சென்று அழுக்கைப் பெயர்க்கிறது. பலன் உண்மையானது, பூஞ்சணம் பிடித்த தட்டுகளில் நானே கேட்டு உணர்ந்திருக்கிறேன். ஆனால் அந்தத் தொட்டியில் தட்டு சுழல்வது, முந்தைய தட்டுகளிலிருந்து வந்த அழுக்கும் கலந்த அதே நீரில்தான். அங்கிருந்து எடுத்து அப்படியே காயவைத்தால், நான் முதல் ஆண்டில் செய்த தவறையே விலை கூடிய கருவியால் செய்ததாகும். நீரை வடிகட்ட வேண்டும். அடிக்கடி மாற்ற வேண்டும். தொட்டியிலிருந்து வந்த தட்டைத் தூய நீரால் அலச வேண்டும். அதிர்வாலேயே நீர் சூடேறும் என்பதால், 35 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். மரம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தட்டின்மேல் ஊற்றி, காய்ந்ததும் தோல்போல் உரித்தெடுக்கும் முறையும் ஒன்று உண்டு. உரிக்கும்போது படலம் கிழிந்து ஒரு துண்டு பள்ளத்தில் தங்கிவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு என்பதால், இழக்க மனமில்லாத தட்டில் அதைச் செய்யமாட்டேன். கீறலை எந்தக் கழுவலும் ஆற்றாது.

தட்டு எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், ஊசி அழுக்காக இருந்தால் பயனில்லை. ஊசியைத் துப்புரவு செய்யும் தூரிகை பின்னிருந்து முன்னோக்கி மட்டுமே நகர வேண்டும். தட்டு சுழலும்போது பள்ளம் ஊசியை இழுப்பதும் அதே திசையில்தான். ஊசியைத் தாங்கும் கான்டிலீவர் என்னும் நுண்கம்பி அந்த இழுப்பைத் தாங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டிலோ முன்னிருந்து பின்னோக்கியோ தள்ளினால், அது வளையும் அல்லது ஒடியும். ஆம்பிளிஃபயரின் ஒலியளவை முழுதும் குறைத்துவிட்டு, ஊசியை ஏந்தும் நீண்ட கையான டோன் ஆர்மைத் தாங்கியில் பூட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. ஒட்டும் தன்மையுள்ள ஜெல் திட்டின்மேல் ஊசியை நேராக இறக்கி நேராக உயர்த்துவது இன்னும் பாதுகாப்பானது. உயர்த்திய பின் ஜெல்லில் தங்கும் சாம்பல் புள்ளி, எவ்வளவு வந்தது என்று காட்டிவிடும். திரவம் பயன்படுத்தினால் தூரிகை நுனியில் ஒரு துளி போதும். மிகுந்தால் அது நுண்கம்பி வழியே ஏறி, வைரத்தைப் பிடித்திருக்கும் பசையையும் உள்ளேயுள்ள ரப்பரையும் கெடுக்கக்கூடும்.

வைரமானாலும் தேயும். ஊசியின் வடிவத்தைப் பொறுத்து 500 முதல் 1000 மணி நேரம் வரை அதன் ஆயுள் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நாள்தோறும் 40 நிமிடம் ஓடும் ஒரு தட்டைக் கேட்பவருக்கு, 1000 மணி நேரம் என்பது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். தேய்ந்த ஊசியின் விளிம்பு உளிபோல் கூராகிவிடும். அது தட்டைக் கேட்பதோடு செதுக்கவும் செய்யும். ஊசியின்மேல் வைக்கும் எடையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: குறைவாக வைத்தால் தட்டு பிழைக்கும் என்று. உண்மையில், எடை போதாத ஊசி உரத்த இடங்களில் பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளித் துள்ளி விழுகிறது. அந்த மோதல், சரியான எடையில் ஒட்டி ஓடுவதைவிட அதிகம் கெடுக்கும். தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் வரை என்று சொன்னால் 2 கிராமில் வையுங்கள். டோன் ஆர்மில் எடையைக் காட்டும் எண்ணை நம்பாமல், சிறு எடைக்கருவியால் அளந்து பாருங்கள்.

ஊசியிலிருந்து வரும் மின்குறி மிக நலிந்தது; ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் என்ற பகுதி, காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையாக இருந்தால், சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆகவே கார்ட்ரிட்ஜின் பின்னுள்ள நான்கு சிறு இணைப்புகளிலோ, கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் ஹெட்ஷெல் என்ற தலைப்பகுதியின் தொடுமுனைகளிலோ கறை படிந்தால், ஒரு பக்க ஒலி மங்குவதும் மறைவதும் வருவதுமாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஹெட்ஷெல்லைக் கழற்றி, தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து மீண்டும் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெல்ட்டால் சுழலும் கருவி என்றால், ஆண்டுக்கு ஒருமுறை சுழல்தட்டைக் கழற்றிப் பாருங்கள். என் கருவியில் ஒரு சமயம் நீண்ட சுரங்கள் மெல்லத் தள்ளாடின. மோட்டார் பழுது என்றே எண்ணினேன். கழற்றிப் பார்த்தபோது, மோட்டாரின் சிறு உருளையில் பெல்ட்டின் ரப்பர் தேய்ந்து கரிய மெழுகுபோல் படிந்திருந்தது. உருளையையும் பெல்ட் சுற்றும் விளிம்பையும் ஆல்கஹாலால் துடைத்து, பெல்ட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி மாட்டினேன், தள்ளாட்டம் நின்றது. பெல்ட்டை ஆல்கஹாலில் நனைக்க வேண்டாம், ரப்பர் வறண்டு வெடிக்கும். நேரடி மோட்டாரில் சுழலும் டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 போன்ற கருவிகளுக்கு, 1972-இல் முதல் மாதிரி வந்த நாளிலிருந்தே பெல்ட் தொல்லை இல்லை. தூசியும் ஹெட்ஷெல் தொடுமுனைகளும்தான் அங்கே கவனிக்க வேண்டியவை. அச்சுத்தண்டுக்கு எண்ணெய் இடுவதைக் கையேடு சொன்னபடி, அது சொன்ன எண்ணெயால் மட்டும் செய்யுங்கள்.

மேல்மூடி அக்ரிலிக் என்றால் ஆல்கஹாலோ, அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோ படக்கூடாது. வலைபோல் நுண்வெடிப்புகள் விழும். நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால், மூடியே நிலைமின் ஏறித் தூசியை வரவழைக்கும்.

தட்டுகளை எப்போதும் செங்குத்தாக, சாயாமலும் நெருக்காமலும் அடுக்கி வையுங்கள். நூறு எல்.பி. தட்டுகள் உறைகளோடு 20 கிலோவைத் தாண்டும். அலமாரி அதைத் தாங்க வேண்டும். உள்ளுறைக்குப் பாலித்தீன் பூசிய காகிதம் நல்லது. மென்மையான பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் தட்டின்மேல் மேகம்போல் ஒரு மங்கலைப் படியவிடுகின்றன, அதைக் கழுவி நீக்க முடிவதில்லை. ஈரம் மிகுந்த அறையில் பூஞ்சணம் முதலில் வெளியுறையான அட்டையில்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட அட்டையைத் தட்டிலிருந்து பிரித்து, முகக்கவசம் அணிந்துகொண்டு, திறந்த வெளியில் தூரிகையால் தட்டி, காற்றோட்டமான நிழலில் உலர்த்திய பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு உள்ளுறைக்கும் வெளியே, அட்டைக்குள், ஒரு சிறு துண்டுச் சீட்டை வைத்திருக்கிறேன். கழுவிய நாள், கரைசலில் ஆல்கஹால் இருந்ததா, எத்தனை முறை அலசினேன், முதல் ஓட்டத்துக்குப் பின் ஊசிமுனை எப்படி இருந்தது என்ற நான்கு குறிப்புகள் அதில் இருக்கும். முதல் ஆண்டில் நான் கெடுத்துவைத்த அந்தத் தட்டின் சீட்டில் மூன்று வரிகள் உள்ளன. மூன்றாவது வரியில்தான் 'முனை சுத்தம்' என்று எழுத முடிந்தது. எழுதுவது பென்சிலால்தான், பேனா மை ஈரக்காற்றில் ஊறி, உறை வழியாகத் தட்டுக்குப் போய்விடக்கூடும்.